தலசீமியா நோயாளிகளில் பித்தியோசிஸ் தொற்று

பித்தியோசிஸ் என்பது பித்தியம் இன்சிடியோசம் என்னும் நீர்வாழ் நுண்ணுயிரியால் உண்டாகும் அரிய தொற்றுநோய் ஆகும். குதிரை, நாய், மாடு போன்ற விலங்குகளில் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த இந்நோய் மனிதரையும் தாக்கும் என்பது 1980களில்தான் தெரியவந்தது. மனிதரில் இது முதன்மையாக இரண்டு வடிவங்களில் வருகிறது. ஒன்று கண்ணின் கருவிழியைத் தாக்குவது. மற்றது கால்களுக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிகளைத் தாக்குவது. தமனியைத் தாக்கும் வடிவம் பெரும்பாலும் தலசீமியா என்னும் பரம்பரைக் குருதிநோய் உள்ளவர்களிடமே காணப்படுகிறது. அவர்களுள்ளும் மிகப் பலர் தாய்லாந்து நாட்டின் உழவர்கள்.

1985 முதல் 2003 வரை தாய்லாந்தில் கண்டறியப்பட்ட 102 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று இந்நோயின் தன்மையைத் தெளிவாகக் காட்டியது. அவர்களில் 59 விழுக்காட்டினருக்குத் தமனிகளிலும், 33 விழுக்காட்டினருக்குக் கண்ணிலும், 5 விழுக்காட்டினருக்குத் தோலிலும் தொற்று இருந்தது. எஞ்சிய 3 விழுக்காட்டினருக்கு அது உடலெங்கும் பரவியிருந்தது. அவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. தமனித் தொற்று கண்டவர்களில் 78 விழுக்காட்டினர் கை அல்லது காலை இழந்தனர். 40 விழுக்காட்டினர் உயிரிழந்தனர். கண் நோயாளிகளை நீக்கிப் பார்த்தால், மற்றவர்களில் 85 விழுக்காட்டினருக்குத் தலசீமியா அல்லது அதைச் சார்ந்த ஹீமோகுளோபின் குறைபாடு இருந்தது.

நோய்க்காரணி

நுண்ணோக்கியில் பார்த்தால் பித்தியம் ஒரு பூஞ்சையைப் போலவே தோன்றும். கிளைவிட்டுப் பரவும் இழைகள், வெண்ணிறப் பஞ்சு போன்ற வளர்ச்சி ஆகிய எல்லாம் பூஞ்சைக்கு உரியவையே. ஆனால் இது பூஞ்சை அன்று. ஊமைசீட்ஸ் என்று அறிவியலிலும் நீர்ப்பூஞ்சை என்று பொதுவழக்கிலும் அழைக்கப்படும் தனிக் கூட்டத்தைச் சேர்ந்தது. பரிணாம வழியில் இக்கூட்டம் காளானுக்கோ ரொட்டியில் பூக்கும் பூஞ்சைக்கோ உறவில்லை. கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்கும் டயாட்டங்களுக்குமே நெருங்கிய உறவு. நூல்கள் பலவற்றில் இன்றும் இந்நோய் பூஞ்சை நோய்களின் வரிசையில் வைத்தே பேசப்படுகிறது. அது வசதிக்காகச் செய்யப்படும் வகைப்பாடு. ஆனால் சிகிச்சைக்கு வரும்போது இந்த வேறுபாடு நோயாளியின் உயிரையே தீர்மானிக்கும் அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது.

நீர்ப்பூஞ்சைகள் உழவர்களுக்குப் புதியவை அல்ல. 1845-இல் தொடங்கி அயர்லாந்தில் பெரும் பஞ்சத்தை உண்டாக்கிய உருளைக்கிழங்கு நோய்க்குக் காரணம் இக்கூட்டத்தைச் சேர்ந்த ஓர் உயிரிதான். தக்காளி, மிளகாய் நாற்றங்கால்களில் வரும் நாற்றழுகலும், மஞ்சள் பயிரில் வரும் கிழங்கழுகலும் பித்தியம் பேரினத்தைச் சேர்ந்த இனங்களாலேயே பெரும்பாலும் ஏற்படுகின்றன. அப்பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஏறக்குறைய எல்லாம் செடிகளையோ மட்கிய பொருள்களையோ அண்டி வாழ்பவை. பாலூட்டிகளின் உடலில் புகுந்து, 37 பாகை செல்சியசு வெப்பத்திலும் செழித்து வளரக்கூடியது, மிக அரிய விதிவிலக்குகள் தவிர, இன்சிடியோசம் ஒன்றுதான்.

இதன் வாழ்க்கைச் சுழற்சி தேங்கிய நீரைச் சார்ந்தது. நீரில் கிடக்கும் புல், இலை ஆகியவற்றின்மேல் இழைகளாக வளரும் இவ்வுயிரி, தக்க வெப்பம் கிடைக்கும்போது சிறு பைகளை உருவாக்குகிறது. அப்பைகள் வெடித்து, இரண்டு கசையிழைகள் கொண்ட இயங்குவித்துகளை நீரில் விடுகின்றன. இவை நீந்தக் கூடியவை. வெட்டுப்பட்ட இலையின் ஓரம், விலங்கின் மயிர், காயம்பட்ட தோல் ஆகியவற்றை நோக்கி இவை ஈர்க்கப்படுகின்றன. அங்கு சேர்ந்ததும் கசையிழையை உதறி, ஒட்டும் பசையைச் சுரந்து பற்றிக்கொண்டு, முளைவிட்டு உள்ளே நுழைகின்றன. செடியைத் தேடிப் போகும் வித்துக்கு, வயலில் நிற்பவரின் காலில் உள்ள புண்ணும் ஒரு வெட்டுவாய்தான். தாய்லாந்தின் வேளாண் பகுதிகளில் இருந்து எடுக்கப்பட்ட நீரில் இருந்து இவ்வுயிரி பிரித்தெடுக்கப்பட்டுள்ளது. நோயுற்ற மனிதரிடமிருந்தோ விலங்கிடமிருந்தோ இது மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

வரலாறு

இந்நோயின் எழுத்துவழி வரலாறு இந்தியாவில் தொடங்குகிறது. மழைக்காலத்தில் குதிரைகளின் கால்களிலும் வயிற்றிலும் தோன்றிய ஆறாப் புண்களை வட இந்தியர் 'பர்சாத்தி' என்று அழைத்தனர். பர்சாத் என்னும் இந்திச் சொல்லுக்கு மழை என்று பொருள். 1884-இல் ஸ்மித் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். அப்பெயரின்கீழ் புழுக்களால் வரும் வேறு புண்களும் கலந்தே பேசப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய இந்தோனேசியாவில் பணியாற்றிய டச்சு அறிஞர்கள் இத்தகைய புண்களில் இருந்து இழைவடிவ உயிரி ஒன்றைப் பிரித்தெடுத்தனர். 1961-இல் அதற்கு ஹைபோமைசீஸ் டெஸ்ட்ருயென்ஸ் என்று பூஞ்சைப் பெயர் சூட்டப்பட்டது. 1974-இல்தான் அது நீரில் இயங்குவித்துகளை விடுவது கண்டறியப்பட்டு, பூஞ்சை அல்ல, பித்தியம் என்பது விளங்கியது. இன்றைய பெயர் 1987-இல் இடப்பட்டது. இன்சிடியோசம் என்ற இலத்தீன் சொல்லுக்குப் பதுங்கியிருந்து வஞ்சகமாகத் தாக்குவது என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.

தலசீமியா உள்ளவர்களை ஏன் தாக்குகிறது?

வயல்நீரில் கால் வைப்போர் தாய்லாந்தில் கோடிக்கணக்கானோர். அவர்களில் ஒரு சிலருக்கு மட்டுமே இந்நோய் வருகிறது. அந்தச் சிலரும் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு குருதிநோய் உள்ளவர்களாக இருக்கிறார்கள். இந்தப் பொருத்தம்தான் ஆய்வாளர்களை இரும்புச்சத்தின் பக்கம் திருப்பியது.

தலசீமியா என்பது ஹீமோகுளோபினின் புரதச் சங்கிலிகளில் ஒன்று போதிய அளவு உருவாகாத மரபுநோய். ஆல்ஃபா சங்கிலி குறைந்தால் ஆல்ஃபா தலசீமியா, பீட்டா சங்கிலி குறைந்தால் பீட்டா தலசீமியா. தென்கிழக்கு ஆசியாவில் இவற்றுடன் ஹீமோகுளோபின் ஈ என்னும் மாற்றுவகையும் மிகுதி. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா ஆகிய மூன்று நாடுகளும் கூடும் பகுதியில் சில இடங்களில் மக்களில் பாதிப் பேர் வரை ஹீமோகுளோபின் ஈ மரபணுவைச் சுமப்பவர்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து பீட்டா தலசீமியாவும் மற்றவரிடமிருந்து ஹீமோகுளோபின் ஈயும் பெறும் பிள்ளைக்குச் சோகை நோய் வெளிப்படுகிறது. இவர்களில் பலர் மாதந்தோறும் இரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்குக் கடுமையாக நோயுறாமல், ஓரளவு உழைத்து வாழ்பவர்கள். வயலுக்குப் போகக் கூடியவர்கள். பித்தியோசிஸ் அதிகம் காணப்படுவது இத்தகையோரிடமே என்பதில் வியப்பில்லை.

உடலில் இரும்பு சேர்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது இரத்தம் ஏற்றுதல். ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மனித உடலுக்கு மிகுதியான இரும்பை வெளியேற்றும் வழி கிடையாது. தோல் உதிர்வது போன்றவற்றால் நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே வெளியேறும். மாதம் 2 பை ஏற்றிக்கொள்ளும் ஒருவருக்கு ஆண்டுக்கு 24 பை, அதாவது ஏறத்தாழ 5 கிராம் இரும்பு உள்ளே வருகிறது. நலமான ஒருவரின் உடல் முழுவதும் உள்ள இரும்பே 3 முதல் 4 கிராம்தான். இரண்டாவது வழி குடல். தலசீமியாவில் எலும்பு மஜ்ஜை ஓயாமல் சிவப்பணுக்களை ஆக்கிக்கொண்டே இருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி முதிர்ச்சி அடையாமலே அழிகின்றன. இந்தப் பயனற்ற உழைப்பு, ஈரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் இயக்குநீரை அடக்கிவிடுகிறது. குடலில் இரும்பு உள்ளே வருவதைக் கட்டுப்படுத்தும் வாயிற்காவலன் ஹெப்சிடின். அது குறைந்தால், உடலில் ஏற்கெனவே மிகுதியாக இரும்பு இருந்தும் குடல் உணவில் இருந்து மேலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எனவே இரத்தமே ஏற்றிக்கொள்ளாத தலசீமியா நோயாளிக்கும் வயது ஏற ஏற இரும்பு தேங்குகிறது.

நுண்ணுயிர்களுக்கு இரும்பு இன்றியமையாதது. நலமான உடலில் அது அவற்றுக்குக் கிடைப்பதில்லை. குருதியில் உள்ள இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. அப்புரதத்தின் இடங்களில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே நிரம்பியிருக்கும், எஞ்சியவை காலி. கண்ணீர், பால், வெள்ளையணுக்கள் ஆகியவற்றிலும் இரும்பைப் பிடித்துவைக்கும் புரதங்கள் உண்டு. கிருமியைப் பட்டினி போடும் இந்த ஏற்பாடு உடலின் பழமையான காவல்களில் ஒன்று. தலசீமியாவில் டிரான்ஸ்ஃபெரினின் இடங்கள் எல்லாம் நிரம்பி வழிந்து, கட்டுப்படாத இரும்பு குருதியில் உலவத் தொடங்குகிறது. நலமானவரின் உடலில் பட்டினி கிடக்கும் உயிரிக்கு இங்கே விருந்து.

இரும்போடு வேறு காரணங்களும் சேர்கின்றன. இந்நோயாளிகளில் பலருக்கு மண்ணீரல் அறுவையால் நீக்கப்பட்டிருக்கும். மிகுதியான இரும்பு, கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்களின் திறனைக் குறைக்கிறது. கணுக்காலைச் சுற்றி ஆறாத புண்கள் தோன்றுவதும் தலசீமியாவில் வழக்கம். வயல்நீரில் உள்ள வித்துக்கு அதுவே திறந்த கதவு.

ஆயினும் இரும்பு மட்டுமே முழு விளக்கம் ஆகாது. 2003-க்குப் பிந்தைய காலத்தில், இரவுநேர ஹீமோகுளோபின் சிறுநீர் நோய் என்னும் வேறொரு குருதிநோய் உள்ளவர்களிடமும் தமனிப் பித்தியோசிஸ் காணப்பட்டது. அந்நோயில் சிவப்பணுக்கள் சிதைந்து இரும்பு சிறுநீர் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். அவர்களுக்கு இரும்பு குறைவாக இருப்பதே பொதுவானது. சிதைந்த சிவப்பணுக்களில் இருந்து குருதியில் கலக்கும் ஹீமோகுளோபினுக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்ற கருத்துக்கு இது இடமளிக்கிறது.

இரும்பகற்றும் மருந்தும் மியூக்கர் பூஞ்சையும்

இரும்புக்கும் பூஞ்சைத் தொற்றுக்கும் உள்ள தொடர்பு மிக விரிவாக ஆராயப்பட்டது பித்தியத்தில் அல்ல. கருப்புப் பூஞ்சை என்று 2021-ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் இந்தியா முழுவதும் பேசப்பட்ட மியூக்கர்மைகோசிஸ் நோயில். அக்கதையில் தலசீமியா நோயாளிகளுக்கு நேரடியான ஒரு பாடம் உண்டு.

தேங்கும் இரும்பை அகற்ற 1960களில் இருந்து பயன்பட்டு வரும் மருந்து டெஸ்ஃபெரிஆக்சமின். ஸ்ட்ரெப்டோமைசீஸ் பைலோசஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியம் தனக்காக ஆக்கிக்கொள்ளும் இரும்புபற்றி ஒன்றில் இருந்து இது பெறப்பட்டது. வாய்வழி கொடுத்தால் பயனில்லை. சிறு பம்பு ஒன்றின் உதவியால் இரவு முழுவதும், 8 முதல் 12 மணி நேரம், தோலுக்கடியில் செலுத்த வேண்டும். இம்மருந்து வந்த பின்னரே தலசீமியா குழந்தைகள் நடுவயது காணத் தொடங்கினர். ஆனால் 1980களின் பிற்பகுதியில், சிறுநீரகச் செயலிழப்பால் டயாலிசிஸ் செய்துகொண்டு இம்மருந்தையும் பெற்றவர்களுக்கு மியூக்கர்மைகோசிஸ் வருவது கவனத்துக்கு வந்தது. அரிதாகத் தலசீமியா நோயாளிகளிடமும் அது காணப்பட்டது.

காரணம் இதுதான். இரும்பைப் பற்றிக்கொண்ட டெஸ்ஃபெரிஆக்சமினை ரைசோபஸ் என்னும் மியூக்கர் வகைப் பூஞ்சை தன் மேற்பரப்பில் பிடித்து, இரும்பை மட்டும் கழற்றி உள்ளே இழுத்துக்கொள்கிறது. உடலைப் பொறுத்தவரை இரும்பை அகற்றும் மருந்து, அப்பூஞ்சையைப் பொறுத்தவரை இரும்பைக் கொண்டுவந்து தரும் வண்டி. பின்னர் வந்த வாய்வழி மருந்துகளான டெஃபெரிப்ரோன், டெஃபெராசிராக்ஸ் ஆகியவற்றில் இருந்து ரைசோபசால் இவ்வாறு இரும்பைப் பறிக்க இயலவில்லை. அப்படியானால் டெஃபெராசிராக்சைக் கொடுத்துப் பூஞ்சையைப் பட்டினி போடலாமே என்ற எண்ணம் எழுந்தது. எலிகளில் அது பலித்தது. 2012-இல் வெளியான, 20 நோயாளிகள் மட்டுமே பங்கேற்ற மருத்துவ ஆய்வில் முடிவு தலைகீழானது. 90 நாள்களில், டெஃபெராசிராக்ஸ் சேர்த்துப் பெற்றவர்களில் 82 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 22 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். மருந்து பெற்ற குழுவில் கடுமையான நோயாளிகள் மிகுந்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியாயினும் அவ்வழி கைவிடப்பட்டது.

இச்செய்தியைப் படித்துவிட்டுத் தலசீமியா நோயாளி ஒருவர் இரும்பகற்றும் மருந்தைத் தாமாக நிறுத்துவது பெருந்தீங்கு. தேங்கிய இரும்பு இதயத்தைச் செயலிழக்கச் செய்து பறிக்கும் உயிர்கள், இத்தகைய தொற்றுகளால் போகும் உயிர்களைவிடப் பன்மடங்கு அதிகம். தொற்று ஐயம் எழும்போது எந்த மருந்தை நிறுத்துவது, எதற்கு மாறுவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நோயின் போக்கு

தமனிப் பித்தியோசிஸ் பெரும்பாலும் காலில் ஒரு சிறு புண்ணாகவோ கட்டியாகவோ தொடங்குகிறது. அது பூச்சிக்கடி போலவும், வழக்கமான தலசீமியாப் புண் போலவும் தோன்றும். சில வாரங்களில் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கிறது. நின்றால் வலி தணிகிறது. பின்னர் ஓய்வில் இருக்கும்போதும் வலி நீங்குவதில்லை. பாதம் குளிர்ந்துபோகிறது. பாதத்தின் மேற்புறத்தில் தொட்டுணரக் கூடிய நாடித்துடிப்பு மறைகிறது. விரல்கள் கறுத்து அழுகத் தொடங்குகின்றன.

உள்ளே நடப்பது என்னவென்றால், உயிரியின் இழைகள் தமனியின் சுவருக்குள் புகுந்து, அழற்சியை உண்டாக்கி, உள்ளே குருதி உறைந்து அடைத்துக்கொள்கிறது. தொற்று தமனியின் வழியே மேல்நோக்கி ஏறுகிறது. முழங்காலுக்குக் கீழே தொடங்கியது தொடைத் தமனி, இடுப்புத் தமனி என்று ஏறி, வயிற்றில் உள்ள பெருந்தமனியை அடைந்துவிடக் கூடும். அங்கு சுவர் நலிந்து பலூன் போல் புடைக்கிறது. அது வெடித்தால் சில நிமிடங்களில் உயிர் போகிறது. கால் துண்டிக்கப்பட்ட பிறகும் நோயாளிகள் இறப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்: வெட்டிய இடத்துக்கும் மேலே நோய் முன்னரே ஏறியிருந்தது.

இந்த ஏற்றம் பொதுவாக வாரக் கணக்கில், மாதக் கணக்கில் நடப்பது. எனவே காலத்தில் கண்டுகொள்ள வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பு நழுவுவதற்குக் காரணங்கள் சில. கால் தமனி அடைப்பு என்றாலே மருத்துவரின் எண்ணம் முதுமை, புகைப்பழக்கம், நீரிழிவு ஆகியவற்றின் பக்கமே செல்கிறது. புகைபிடிக்கும் இளைஞர் என்றால் பர்ஜர் நோய் என்று முடிவு செய்யப்படுகிறது. காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம் என்பதால் தொற்று என்ற ஐயமே எழுவதில்லை. திசுவை எடுத்துச் சோதித்தாலும் தொல்லை தீர்வதில்லை. குறுக்குச் சுவர் அரிதாக உள்ள அகன்ற இழைகள் மியூக்கர் பூஞ்சையைப் போலவே தெரிவதால், மியூக்கர்மைகோசிஸ் என்று அறிக்கை வந்துவிடுகிறது. தலசீமியா, வயல் வேலை, நாடித்துடிப்பு இல்லாத குளிர்ந்த கால் ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் பித்தியோசிஸ் என்று முதலிலேயே ஐயுறுவதே தாய்லாந்து மருத்துவர்கள் பட்டறிவால் கற்றுக்கொண்டது.

கண்டறிதல்

வளர்ப்பு ஊடகத்தில் இவ்வுயிரி எளிதில் வளரும். ஆனால் அதைப் பித்தியம் என்று உறுதிசெய்ய இயங்குவித்துகளைக் காண வேண்டும். அதற்கு ஆய்வகத்தில் கையாளும் முறை எளிமையும் அழகும் கொண்டது. கொதிக்கவைத்துத் தூய்மையாக்கிய புல் இதழ்களை வளர்ப்பின்மேல் வைத்து, உயிரி அவற்றில் படர்ந்ததும், உப்புகள் சில சேர்த்த நீரில் இட்டு, உடல் வெப்பத்தில் சில மணி நேரம் வைக்கிறார்கள். புல்லின் ஓரங்களில் பைகள் தோன்றி, வித்துகள் நீந்தி வெளிவருவதை நுண்ணோக்கியில் காணலாம். குளத்தில் நடப்பதைக் கண்ணாடித் தட்டில் நடத்திக் காட்டும் வேலை இது.

இன்று குருதியில் எதிர்ப்பொருளைக் கண்டறியும் எலைசா சோதனை, சில நிமிடங்களில் விடை தரும் பட்டைச் சோதனை, பிசிஆர் ஆகியவையும் உள்ளன. உயிரியின் சுவரில் இருந்து குருதியில் கலக்கும் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைப் பொருளின் அளவு, சிகிச்சை பலிக்கிறதா என்று பின்தொடர்வதற்கு உதவுகிறது.

பூஞ்சைக்கொல்லிகள் ஏன் பலிப்பதில்லை?

பூஞ்சை மருந்துகளில் பெரும்பாலானவை எர்கோஸ்டெரால் என்ற ஒரே பொருளைக் குறிவைக்கின்றன. பூஞ்சையின் செல்சவ்வு உறுதியாக இருப்பதற்கு இப்பொருள் தேவை. ஆம்ஃபோடெரிசின் பி அதனுடன் ஒட்டிச் சவ்வில் துளையிடுகிறது. இட்ரகோனசோல், வோரிகோனசோல் போன்றவை அது உருவாவதைத் தடுக்கின்றன. பித்தியம் எர்கோஸ்டெராலை ஆக்குவதே இல்லை. அதன் சவ்வில் குறி இல்லாதபோது அம்பு எங்கே தைக்கும்? சுவரும் வேறு: பூஞ்சைகளின் சுவரில் கைட்டின் முதன்மை, இதில் செல்லுலோசும் குளுக்கானும். பூஞ்சை என்று கருதி நச்சுத்தன்மை மிகுந்த ஆம்ஃபோடெரிசினை வாரக் கணக்கில் செலுத்திக்கொண்டிருக்கும் வேளையில், நோய் தமனியில் ஏறிக்கொண்டே இருக்கிறது.

சிகிச்சை

தமனிப் பித்தியோசிஸில் இன்றளவும் நம்பத்தக்க சிகிச்சை அறுவையே. நோயுற்ற தமனி முழுவதையும், நோயில்லாத பகுதி எட்டும் வரை அகற்ற வேண்டும். பெரும்பாலும் இதன் பொருள் முழங்காலுக்கு மேல் காலைத் துண்டிப்பது. வெட்டிய முனையில் எடுத்த தமனித் துண்டைச் சோதித்து, அங்கு உயிரி இல்லை என்று உறுதிசெய்வதே நோயாளி பிழைப்பாரா என்பதைச் சொல்லும் அடையாளம். இருபது, முப்பது வயதில், உழைத்துப் பிழைக்கும் ஒருவரிடம் காலை எடுக்க வேண்டும் என்று சொல்வதும், அதை அவர் ஏற்பதும் எளிதல்ல. தயங்கும் நாள்களும் நோயின் கணக்கில் சேர்கின்றன.

அறுவைக்குத் துணையாக நோய் எதிர்ப்புச் சிகிச்சையும் அளிக்கப்படுகிறது. இது குதிரைகளிடம் இருந்து வந்தது. உயிரியின் புரதங்களைப் பிரித்தெடுத்து ஊசியாகச் செலுத்தினால் குதிரைகளின் புண் ஆறுவது ஆஸ்திரேலியாவில் 1980களின் தொடக்கத்தில் காணப்பட்டது. 1998-இல், பிழைப்பது அரிது என்ற நிலையில் இருந்த தாய்லாந்துச் சிறுவன் ஒருவனுக்கு இவ்வூசி அளிக்கப்பட்டு, அவன் குணமடைந்த செய்தி வெளியானது. இது நோய் வராமல் காக்கும் தடுப்பூசி அல்ல. வந்துவிட்ட நோயை எதிர்ப்பதில் தவறான பாதையில் சென்றுகொண்டிருக்கும் எதிர்ப்பாற்றலை வேறு பாதைக்குத் திருப்புவதே இதன் பணி என்று கருதப்படுகிறது. பின்னர் இதைப் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே முழுப் பயன் கிடைத்தது.

மருந்துகளைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் முகத்தில் ஆழமாகப் பரவிய தொற்றுடைய இரண்டு வயதுக் குழந்தை ஒன்று டெர்பினாஃபின், இட்ரகோனசோல் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததால் குணமானது உண்டு. அதே மருந்துகள் தமனித் தொற்றில் அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. தோலில் மட்டும் நிற்கும் தொற்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு கரைசல் பயன்பட்டதும் உண்டு. அண்மைக் காலத்தில் நம்பிக்கை தருபவை பூஞ்சை மருந்துகள் அல்ல, பாக்டீரியாவுக்கு எதிரான மருந்துகளே. அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின், லினசோலிட் ஆகியவை புரத ஆக்கத்தைத் தடுப்பவை. சளி, காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரை, ஆம்ஃபோடெரிசின் தொடாத உயிரியைத் தொடுகிறது என்பது முதலில் வியப்பாகவே பார்க்கப்பட்டது. தாய்லாந்தில் இவற்றை இட்ரகோனசோலுடன் சேர்த்து, அறுவைக்குப் பின் தொடர்ந்து கொடுக்கிறார்கள்.

தடுப்பு

தேங்கிய நீரில் இறங்கும்போது முழங்கால் வரை மூடும் ரப்பர் காலணி அணிவது, காலில் புண் இருந்தால் நீரில் இறங்காதிருப்பது, இறங்கினால் கரையேறியதும் நல்ல நீரில் கழுவித் துடைப்பது ஆகியவை தலசீமியா உள்ளவர்களுக்குக் கூறப்படுகின்றன. நாற்று நடும் சேற்றில் ரப்பர் காலணியுடன் நடப்பது எவ்வளவு கடினம் என்பது வயலில் இறங்கியவர்களுக்குத் தெரியும். வேறு வேலைக்கு மாறும் வசதி உள்ளவர்களுக்கே இவ்வறிவுரை முழுமையாகப் பயன்படும். ஆறாத கணுக்கால் புண்ணை மருத்துவரிடம் காட்டும்போது வயலில் வேலை செய்வதைத் தாமாகவே சொல்லிவிடுவது எல்லாராலும் இயலக் கூடியது.

தென்னிந்தியாவில் கண் பித்தியோசிஸ்

இந்தியாவில் தமனித் தொற்று மிக அரிது. கண் தொற்று அவ்வாறு இல்லை. ஐதராபாத், மதுரை ஆகிய நகரங்களின் பெரிய கண் மருத்துவமனைகள் கடந்த சில ஆண்டுகளாகக் கருவிழிப் பித்தியோசிஸைக் கணிசமாகக் கண்டறிந்து வருகின்றன. இது புதிதாகப் பரவியது அன்று. முன்னர் பூஞ்சைப் புண் என்று எண்ணப்பட்டவற்றுள் ஒரு பகுதி இதுவே என்பது இப்போது புலனாகிறது. இவ்வடிவத்துக்குக் குருதிநோய் தேவையில்லை. மேற்கூறிய தாய்லாந்து ஆய்வில் கண் நோயாளிகளில் 84 விழுக்காட்டினருக்கு வேறு எந்த நோயும் இல்லை. கண்ணில் தூசியோ அழுக்கு நீரோ படுவதே போதுமான காரணம். அழுக்கு நீரில் கழுவிய கண்வில்லைகளாலும் வரலாம்.

கருவிழியில் வெண்புள்ளிகளும், புண்ணில் இருந்து கிளைவிட்டு ஓடும் மெல்லிய கோடுகளும் இதன் அடையாளங்கள். பூஞ்சைப் புண்ணுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் நடாமைசின் சொட்டு மருந்தும் எர்கோஸ்டெராலையே குறிவைப்பதால் பயன் தருவதில்லை. சொட்டு மருந்து போட்டும் சில நாள்களில் புண் பெருகிக்கொண்டே போனால் பித்தியத்தை நினைக்க வேண்டும் என்று இம்மருத்துவர்கள் எழுதுகின்றனர். லினசோலிட் சொட்டு மருந்தும், அசித்ரோமைசின் சொட்டு மருந்தும் மாத்திரையும் இங்கு பயன்படுத்தப்படுகின்றன. புண் கருவிழியின் ஓரத்தை எட்டுவதற்கு முன் தானக் கருவிழி பொருத்தும் அறுவை செய்தால் கண்ணைக் காப்பாற்ற முடிகிறது. தாய்லாந்தின் பழைய ஆய்வில் கண் நோயாளிகளில் 79 விழுக்காட்டினர் கண்ணையே அகற்ற நேர்ந்தது.